நுண்பாசிக்கு உகந்த நிறம் எது? விடுபட்ட சில விவரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் நுண்பாசி வளர்ப்பைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நுண்ணோக்கி இல்லாமல் பார்க்க முடியாத இந்தச் சிறு உயிர்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால், சிவப்பும் நீலமும் கலந்த எல்இடி விளக்கின் கீழ் வளர்த்தால் நுண்பாசி வேகமாக வளர்வதோடு சத்தும் கூடும் என்று அக்கட்டுரையின் நடுவே பொத்தாம்பொதுவாக எழுதப்பட்டிருந்த இரண்டு வரிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் குடுவைகளிலும் சிறு தொட்டிகளிலும் பாசி வளர்த்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த வரிகள் முழுப் பொய் அல்ல. எந்தப் பாசி, ஒளியை எதைக் கொண்டு அளந்தார்கள், வளர்ப்பு எவ்வளவு அடர்த்தியாக இருந்தது, சத்து என்று எதைக் கணக்கிட்டார்கள் என்பவற்றை விட்டுவிட்டுச் சொன்னதால், அவற்றை நம்பி விளக்கு வாங்குபவர் ஏமாறவே வாய்ப்பு அதிகம்.

ஒளியின் நிறத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவு நேற்று கண்டறியப்பட்டது அன்று. 1882இல் ஜெர்மானிய அறிஞர் தியோடோர் எங்கெல்மான், முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை நுண்ணோக்கியின் கீழ் ஒரு பச்சைப் பாசி இழையின் மேல் விழச் செய்து, ஆக்சிஜனை நாடி நீந்தும் பாக்டீரியாக்களை அதே நீர்த்துளியில் விட்டுப் பார்த்தார். சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் அவை மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் சொற்பமே தங்கின. ஒளிச்சேர்க்கை எங்கே மும்முரமாக நடக்கிறது என்பதை ஆக்சிஜனை அளக்கும் கருவி எதுவும் இல்லாமல் பாக்டீரியாக்களே வரைந்து காட்டிவிட்டன. பாடநூல்களில் இன்றுவரை இடம்பெறும் அந்தப் படம்தான், சிவப்பும் நீலமும் போதும், பச்சை வீண் என்ற எண்ணம் பரவியதற்கும் ஒரு காரணம். ஆனால் எங்கெல்மானே அடுத்த ஆண்டுகளில் செம்பாசி, பழுப்புப் பாசி, நீலப்பச்சைப் பாசி ஆகியவற்றை அதே முறையில் சோதித்து, உயிரின் நிறம் மாறினால் அது பயன்படுத்தும் ஒளியின் நிறமும் மாறுகிறது என்று காட்டினார். இந்தப் பிற்பகுதி பலருக்கும் எட்டவில்லை.

வளர்ப்புத் தொட்டிகளில் உள்ள உயிர்களையே எடுத்துக்கொள்வோம். குளோரெல்லா உண்மையான பச்சைப் பாசி. அதன் செல்லில் பச்சையம் ஏ, பச்சையம் பி என்ற இரண்டும் இருப்பதால், அலைநீளக் கணக்கில் 440 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீலத்தையும் 650 முதல் 680 வரையிலான சிவப்பையும் அது நன்றாக உறிஞ்சும். சுருள்பாசி என்று நாம் அழைக்கும் ஸ்பைருலினாவோ பெயரில் மட்டுமே பாசி. இனத்தால் அது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அதில் பச்சையம் பி கிடையாது. மாறாக, 620 நானோமீட்டர் அளவில் ஆரஞ்சு கலந்த சிவப்பொளியை உறிஞ்சும் பைக்கோசயனின் என்ற நீல நிறமி ஏராளமாக உண்டு. டயாட்டம் எனப்படும் ஒற்றைச் செல் கடல்பாசிகளின் பழுப்பு நிறத்துக்குக் காரணமான ஃபியூகோசாந்தின் என்ற நிறமி, பச்சையம் தொடாத நீலப்பச்சை ஒளியையும் பிடித்துக் கொடுக்கிறது. இம்மூன்றையும் நுண்பாசி என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பதற்காக ஒரே விளக்கைப் பரிந்துரைக்க முடியாது.

நீல ஒளியில் மட்டும் வளர்க்கப்படும் சுருள்பாசி, அதே எண்ணிக்கையிலான ஒளித்துகள்களைச் சிவப்பில் பெறும் சுருள்பாசியைவிட மிக மெதுவாக வளர்கிறது என்பது எல்இடி விளக்குகளைக் கொண்டு செய்த சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி. பச்சையம் ஏ நீலத்தை உறிஞ்சத்தானே செய்கிறது, பிறகு ஏன் இப்படி என்று கேட்கலாம். ஒளிச்சேர்க்கையில் இரண்டு ஒளித்தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடுவது இரண்டாம் தொகுதி. அங்கிருந்து வரும் எலக்ட்ரானை மேலும் உந்திவிடுவது முதல் தொகுதி. சுருள்பாசி போன்ற உயிர்களில் பச்சையத்தின் பெரும்பகுதி முதல் தொகுதியிலேயே குவிந்திருக்கிறது. இரண்டாம் தொகுதிக்கு ஒளியைத் திரட்டித் தருவது முக்கியமாகப் பைக்கோசயனின்தான். நீலத்தைப் பைக்கோசயனின் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆகவே நீல விளக்கின் கீழ் முதல் தொகுதி மட்டும் துடிப்பாக இருக்க, இரண்டாம் தொகுதி பட்டினி கிடக்கிறது. இரட்டை மாட்டு வண்டியை ஒற்றை மாடு இழுத்த கதைதான். அமெரிக்க ஆய்வாளர்களான எமர்சனும் லூயிஸும் 1940களின் தொடக்கத்தில், பைக்கோசயனின் பிடிக்கும் ஒளி ஒளிச்சேர்க்கைக்குச் சிறப்பாகப் பயன்படுகிறது என்பதை அளந்து காட்டியிருந்தார்கள். 1957இல் எமர்சன், சிவப்பின் கடைக்கோடியில் உள்ள, பெரிதும் பயன்படாத நெடுஞ்சிவப்பு ஒளியோடு சற்றுக் குறுகிய அலைநீள ஒளியையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டையும் தனித்தனியே கொடுத்தபோது கிடைத்ததன் கூட்டுத்தொகையைவிட விளைவு கூடுவதைக் கண்டார். இரண்டு தொகுதிகள் உண்டு என்ற கருத்துக்கு வழிவிட்டதே அந்த முடிவுதான்.

ஒளியை எதைக் கொண்டு அளந்தார்கள் என்ற கேள்வியை நான் வலியுறுத்துவதற்கு என் சொந்தப் பிழையே காரணம். தொடக்க நாட்களில் மூன்று குடுவைகளில் குளோரெல்லாவை விட்டு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு எல்இடி வைத்தேன். மூன்றுக்கும் ஒளி சமமாக இருக்க வேண்டும் என்று மிகுந்த கவனத்தோடு லக்ஸ் மீட்டரைக் கொண்டு ஒவ்வொரு விளக்கையும் முன்னும் பின்னும் நகர்த்தி, மூன்றிலும் ஒரே எண் வரும்படி நிறுத்தினேன். பத்து நாட்களில் நீலக் குடுவை கரும்பச்சையாகியிருந்தது. பச்சை விளக்கின் கீழ் இருந்ததோ கழுவி ஊற்றிய தண்ணீர்போல் வெளிறிக் கிடந்தது. பச்சை ஒளி பயனற்றது என்று குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதியும் வைத்தேன்.

பிழை பாசியிடம் இல்லை, மீட்டரிடம் இருந்தது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதைக் குறிக்கும் அளவு. நம் கண்ணின் கூர்மை 555 நானோமீட்டர் பச்சையில் உச்சத்தில் இருந்து நீலத்திலும் சிவப்பிலும் சரிந்துவிடுகிறது. 450 நானோமீட்டர் நீலமும் 525 நானோமீட்டர் பச்சையும் ஒரே லக்ஸ் காட்ட வேண்டுமானால், நீலத்தில் சுமார் 18 மடங்கு அதிக ஒளித்துகள்கள் இருந்தாக வேண்டும். அதாவது, சமமாகப் பரிமாறியதாக நினைத்துக்கொண்டு ஒருவனுக்குப் பதினெட்டுப் பிடியும் மற்றவனுக்கு ஒரு பிடியும் போட்டுவிட்டு, இளைத்தவனைக் குறைகூறியிருக்கிறேன். பாசிக்குத் தேவையான அளவு, 400 முதல் 700 நானோமீட்டருக்கு இடையே ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கைதான். அதை, துகள்களை எண்ணப் பயன்படும் மைக்ரோமோல் என்ற அலகில் சொல்வது வழக்கம். அதற்கென்று தனி மீட்டர் உண்டு. வாட் கணக்கும் முழுமையாக உதவாது. 450 நானோமீட்டர் ஒளித்துகள் ஒவ்வொன்றும் 660 நானோமீட்டர் ஒளித்துகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் கொண்டது. ஆனால் ஒளிச்சேர்க்கையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும், நீலத்தில் உள்ள உபரி ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். எனவே ஒரே வாட் ஒளியில் சிவப்பு ஒன்றரை மடங்கு துகள்களைத் தருகிறது. சிவப்பு சிறந்தது என்று அறிவிக்கும் சில ஒப்பீடுகள் இந்த எளிய கணக்கைத் தவிர வேறெதையும் காட்டவில்லையோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

இனி, சத்து. கட்டுரையாளர் மிக எளிதாகக் கடந்துபோன இடமும் இதுதான். ஒளியின் நிறம் செல்லின் உள்ளடக்கத்தை மாற்றுகிறது என்பது உண்மை. 1960களிலேயே ஜெர்மனியில் கோவாலிக் என்ற ஆய்வாளர், நீல ஒளியில் வளரும் குளோரெல்லாவில் புரதத்தின் பங்கும் சிவப்பொளியில் வளர்வதில் மாவுச்சத்தின் பங்கும் மிகுவதைக் காட்டினார். நீல ஒளி பச்சைப் பாசிகளில் செல் பிரிதலைத் தள்ளிப்போடுவதால் செல்கள் பெருத்துத் தெரிவதும் பின்னாளில் உறுதியாயிற்று. இங்கே நீலம் உணவாக மட்டும் அல்லாமல் ஒரு சைகையாகவும் வேலை செய்கிறது. நீலத்தை உணரும் தனிப் புரதங்கள் பாசிகளில் இருக்கின்றன. டயாட்டம்களும் அவற்றின் உறவினங்களும் பெற்றுள்ள ஆரியோகுரோம் என்ற புரதம் 2007இல்தான் கண்டறியப்பட்டது. ஃபியோடாக்டைலம் என்ற டயாட்டத்துக்குச் சிவப்பை மட்டும் கொடுத்தால், கடும் ஒளியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அது சரிவரச் செய்துகொள்வதில்லை என்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சிறிதளவேனும் நீலம் வேண்டும் என்ற பரிந்துரைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ஆனால் சதவீதம் வேறு, விளைச்சல் வேறு. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். நீல விளக்கின் கீழ் லிட்டருக்கு அரை கிராம் சுருள்பாசி விளைந்து, அதில் 18 சதவீதம் பைக்கோசயனின் இருந்தால் கிடைப்பது 90 மில்லிகிராம். சிவப்பு விளக்கின் கீழ் லிட்டருக்கு ஒன்றரை கிராம் விளைந்து, அதில் 12 சதவீதமே இருந்தாலும் கிடைப்பது 180 மில்லிகிராம். முதல் எண்ணை மட்டும் தலைப்பில் போட்டால் நீலம் வென்றதாகத் தோன்றும். விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் அந்த முதல் எண்தான்.

அந்த 12 சதவீதத்துக்கும் சிவப்பு நிறம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சுருள்பாசிக்கு வழக்கமாகப் பயன்படும் சர்ரூக் ஊடகம் என்ற ஊட்டக் கரைசலில் லிட்டருக்கு 2.5 கிராம் சோடியம் நைட்ரேட் இருக்கிறது. செலவைக் குறைக்க அதை நாலில் ஒரு பங்காக நீர்த்து வளர்ப்பவர்கள் உண்டு. அப்படி நீர்த்ததில் எஞ்சும் நைட்ரஜன், சுருள்பாசியின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கே போதும். சிவப்பொளியில் வேகமாக வளரும் குடுவை அந்த எல்லையை முதலில் தொட்டுவிடும். நைட்ரஜன் தீர்ந்ததும் சுருள்பாசி தன் பைக்கோசயனினையே உடைத்துத் தின்னத் தொடங்கும். அந்த நிறமி அதற்கு ஒளி திரட்டியாக மட்டுமல்ல, சேமிப்புக் களஞ்சியமாகவும் இருக்கிறது. நீலப்பச்சையாக இருந்த வளர்ப்பு இரண்டொரு நாளில் மஞ்சள் கலந்த வெளிர்பச்சைக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அறுவடை நாளில் இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்பொளி நிறமியைக் குறைத்துவிட்டது என்று எழுதினால், பசியின் விளைவை நிறத்தின் தலையில் கட்டியதாகவே ஆகும். ஒரு சிட்டிகை நைட்ரேட் சேர்த்துவிட்டு அந்த வெளிறல் மீள்கிறதா என்று பார்க்காத எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பைக்கோசயனின் வெப்பம் தாங்காது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது விரைவாகச் சிதையும். எந்த விளக்கில் வளர்த்தாலும், உலர்த்தும்போது கோட்டை விட்டால் நிறமும் போய்விடும்.

நிறத்தைக் காலத்தோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்கு ஹீமடோகாக்கஸ் நல்ல எடுத்துக்காட்டு. அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமிக்காக வளர்க்கப்படும் இந்தப் பச்சைப் பாசி, வசதியான சூழலில் இரண்டு கசையிழைகளோடு நீந்திக்கொண்டு பச்சையாகவே இருக்கும். ஒளி கடுமையாகி ஊட்டம் குறைந்தால் நீந்துவதை நிறுத்தி, தடித்த சுவர் கொண்ட உருண்டையாகி, உள்ளே செந்நிறமியைக் குவிக்கும். சிவப்பு எல்இடி செல்களைப் பெருக்குவதற்கும் நீல எல்இடி நிறமி சேர்வதற்கும் உகந்தவை என்று 2004இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. முதலில் சிவப்பில் பெருக்கி, பின்னர் நீலத்துக்கு மாற்றும் இரண்டு கட்ட முறையின் அடிப்படை அதுதான். இரண்டு நிறங்களையும் ஒன்றாகக் கலந்து முதல் நாளிலிருந்து கொடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. உப்புநீரில் வளரும் டுனலியெல்லா என்ற பாசியில் பீட்டா கரோட்டின் என்ற நிறமி சேர்வதற்கோ, நிறத்தைவிட உப்பும் ஒளியின் கடுமையும் ஊட்டக் குறைவுமே பெரிய காரணங்கள்.

அடர்த்தியைப் பற்றிச் சொல்லாமல் பச்சை ஒளியைத் தள்ளிவைக்க முடியாது. கரும்பச்சையாக வளர்ந்த குளோரெல்லாவைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, சிவப்பு விளக்கின் முன்னால் பிடித்துப் பாருங்கள். விளக்கின் பக்கம் உள்ள மெல்லிய அடுக்கைத் தாண்டினால் இருட்டு. முன்வரிசைச் செல்கள் தங்களால் செரிக்க முடியாத அளவுக்கு ஒளியைப் பிடித்து அதை வெப்பமாக வீணடிக்க, பின்வரிசைச் செல்கள் தம் சேமிப்பைச் செலவழித்து மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். அதே கோப்பையைப் பச்சை விளக்கின் முன்னால் பிடித்தால் மறுபக்கம் வரை ஒரு மங்கல் ஒளி எட்டும். செல்கள் பச்சையை அறவே தள்ளிவிடுவதில்லை, குறைவாக உறிஞ்சுகின்றன; அந்தக் குறைவே அடர்ந்த வளர்ப்பில் வரமாகிவிடுகிறது. 2016இல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த ஆய்வில், நல்ல வெயிலுக்கு ஈடான 1500 மைக்ரோமோல் ஒளியில் கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியை அடர்த்தியாக வளர்த்தபோது, மஞ்சள் ஒளியின் கீழ் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 54 கிராம் விளைந்தது. நீலத்திலும் சிவப்பிலும் 29 கிராம்தான். பச்சையம் விரும்பி உறிஞ்சும் நிறங்கள் ஏறக்குறைய பாதி விளைச்சலையே தந்திருக்கின்றன. ஒளி மங்கலாகவும் வளர்ப்பு நீர்த்தும் இருந்தால் இந்த வரிசை தலைகீழாகலாம் என்பதால், இதையும் ஒரு பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விளக்கின் மின்செலவைக் கட்டுரை தொடவே இல்லை. ஒரு மோல், அதாவது பத்து லட்சம் மைக்ரோமோல், ஒளித்துகளுக்கு ஒரு கிராம் உலர்ந்த பாசி என்பது நல்ல விளைச்சல். அப்படியானால் ஒரு கிலோவுக்கு ஆயிரம் மோல் வேண்டும். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 3 மைக்ரோமோல் ஒளித்துகள் தரும் தரமான எல்இடியை வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ பாசிக்கு விளக்கு மட்டுமே 90 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் விழுங்கும். விளக்குக்குச் செலவிடும் ஆற்றலில் 4 முதல் 6 சதவீதமே பாசியின் உடலில் வேதியாற்றலாகத் தங்குகிறது என்று இத்துறையில் செய்த மதிப்பீடும் இருக்கிறது. நிறமியோ மருந்துப்பொருளோ எடுப்பதற்கு இது கட்டுப்படியாகலாம். உணவுக்கோ தீவனத்துக்கோ மொத்தமாக வளர்ப்பவர்கள் சூரியனை நம்பியிருப்பதற்குக் காரணம் பழைமைப் பற்று அன்று. வெயில் தொட்டியின் மேல் வண்ணத்தாள் விரித்தால் அதே பலன் கிடைக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். வண்ணத்தாள் எந்த நிறத்தையும் கூட்டுவதில்லை. மற்ற நிறங்களைக் கழிக்க மட்டுமே செய்கிறது. கடும் வெயிலில் நிழலாக உதவினால் அது நிழலின் பலன்.

இவ்வகைச் செய்திகளை வெளியிடும்போது உயிரின் பெயர், ஒளித்துகள் அளவு, லிட்டருக்கு எத்தனை கிராம் விளைந்தது என்ற மூன்றையாவது கட்டுரையாளர்களிடம் கேட்டுப் பெற்று அச்சிடுமாறு தங்களை வேண்டிக்கொள்கிறேன். கூடவே ஒரு சிறு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தில் ஊதா வெளிச்சத்தில் நிற்கும் கண்ணாடிக் குழாய்களுக்குள் இருப்பதைச் சத்து செறிந்த கரும்பாசி என்று படக்குறிப்பு கூறுகிறது. அது வழக்கமான பச்சைப் பாசியாகவே இருக்கலாம். சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள வெளிச்சத்தில் திருப்பி அனுப்பப் பச்சை இல்லாததால் எந்த அடர்ந்த பச்சை வளர்ப்பும் கறுப்பாகத்தான் தெரியும். அறையின் வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டு இன்னொரு படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்